கணினி மண்டபத்து டம்ப்

முள்ளியவளையில் பெரிய றோட்டை விட்டுக் கிரவல் பாதையில் இறங்கினால் இடது கைப்பக்கம் வருகிற அரிசி ஆலை நான் கட்டியது. அதன் புகைபோக்கியும் நான் கட்டியதுதான். (வளைந்திருக்கிறது என்பார்கள். காற்றுக்காக அப்படிக் கட்டினேன்.) பின்னால் இருக்கிற நெல் அவிக்கும் தொட்டிகள், குழாய்க் கிணறு, தாங்கியில் தண்ணீர் குறைந்தால் கிணற்றின் ஆழத்தில் தானே ஓடித் தானே நிற்கிற மோட்டர், பாதை முகப்பில் உள்ள மதகு, எல்லாம் என் வேலை. மதகில் வேறு ஒருவருடைய பெயர் பொறித்த கல் இருக்கிறது. அந்தக் கல்லைச் சுமந்து வந்தவனும் நான். சண்டை முடிந்து செட்டிகுளத்து அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தபோது இந்தக் காணியில் எஞ்சியிருந்தவை ஒரு பாதிச் சுவர், கைபிடி இல்லாத ஒரு வாளி, ஊருக்கே போதுமான பாம்புகள். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கணக்குப் பாடம் வந்தால் மாடு பார்க்கப் போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் எட்டுக் கணினிகள் வைத்து ஒரு கணினி நிலையமும் கட்டினேன். அந்த எட்டும் சேர்ந்து என்னை ஊர் முன்னால் வைத்துச் செய்த வேலையையும் நானே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லச் சொல்ல அதில் என் பங்கு தேய்ந்துகொண்டே போகிறது.

நிலையத்தை நடத்துவது என் மகள் யசோ. எனக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் இப்போது இல்லை. அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. வவுனியாவில் கணினி படித்து முடித்த யசோ, கொழும்பில் வேலை தேடப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னாள். ஆலையோடு ஒட்டியிருந்த களஞ்சியத்தை நீட்டி மண்டபமாக்கி, நிலத்துக்கு மாபிள் பதித்து, கணினிகளை வாங்கி அடுக்கிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"கொழும்பை இஞ்ச கொண்டுவந்திட்டன் பிள்ளை. இனி அங்க போய் என்ன செய்யப் போறாய்?"

அவள் சிரித்தாள். தங்கிவிட்டாள். என் வாழ்க்கையில் நான் கட்டியவற்றிலேயே கெட்டிக்காரத்தனமான கட்டடம் அதுதான்.

கொஞ்சக் காலம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு கணினிகள் விழத் தொடங்கின. விழுவது என்றால் மேசையில் இருந்து அல்ல. பிள்ளைகள் ஏதோ தட்டிக்கொண்டிருப்பார்கள், திடீரென்று திரை முழுக்க நீலமாகிவிடும். அதில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷ் வரும். மேலே ஒரு முகம், பக்கவாட்டாகப் படுத்துக்கொண்டு, வாயைக் கீழே கவிழ்த்தபடி. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் அந்த முகத்தை வாசிக்க எவருக்கும் படிப்புத் தேவையில்லை.

விழுவது பெரும்பாலும் உச்சி வெயில் நேரத்தில். ஆலை சாப்பாட்டுக்காக நின்றிருக்கும். பாதையில் நாய்கூட நடக்காது. இந்தப் பக்கத்தில் அந்த நேரத்தில் சனம் வெறுமனே வெளியே திரிவதில்லை; ஏன் என்று கேட்டால் வெயில் என்பார்கள், கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பிள்ளைகள் வேறு கதைகளும் கொண்டுவந்தார்கள். கணினிப் பெட்டியில் கை பட்டால் யாரோ மெல்லப் பிடித்துவிட்டு விடுவதுபோல் இருக்கிறதாம். தமிழ்த் தட்டச்சு வகுப்பில் ஒரு சிறுமி கையை மடியில் வைத்தபடி இருக்க, திரையில் தானாகவே எழுத்து ஓடியதாம். என்ன எழுத்து என்று கேட்டேன்.

"ம்ம்ம்ம் எண்டு வந்தது மாமா. ஆரோ கதை கேட்டு 'ம்' கொட்டுற மாதிரி."

நான் பேய்க்குப் பயந்தவன் அல்ல. (பேய்தான் என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று என் மனுசி பரமேஸ்வரி பல தடவை சொல்லியிருக்கிறாள்.) இதை நிரூபிப்பதற்காக ஒரு நாள் உச்சி நேரத்தில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, எட்டுக் கணினியையும் போட்டுவிட்டு, மண்டபத்தின் நடுவில் கதிரையைப் போட்டுத் தனியாக உட்கார்ந்தேன். வெளியே சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றியது. கால் பெருவிரலில் மாபிளின் குளிர் ஏறியது. நான் ஒரு கையைப் பக்கத்துப் பெட்டியின் மேல் வைத்திருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, உள்ளங்கைக்கு அடியில், தூங்குகிற பூனையின் வயிறு மாதிரி ஏதோ துடித்தது. கையை எடுப்பதற்குள் கடைசி மேசைத் திரை நீலமானது. அதற்கு அடுத்தது. அதற்கு அடுத்தது. எட்டு முகங்களும் வாயைக் கவிழ்த்துக்கொண்டு என்னையே பார்த்தன. வெள்ளைச் சுவர் நீலமாகியது. என் வேட்டியும் நீலமாகியது.

நான் ஓடவில்லை. வேகமாக நடந்தேன். கதிரை என்னோடு கொஞ்சத் தூரம் வந்தது என்பதும் உண்மை.

கதை ஊரில் பரவியது. "செல்லத்துரையர் சுடலைக்கு மேலயோ கட்டினவர்?" என்று சந்தியில் கேட்டிருக்கிறார்கள். தாய்மார் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். மேசைகள் காலியாகிக்கொண்டு வந்தன. ஒரு மாலை யசோ என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, மிச்சப் பிள்ளையளும் நிண்டிட்டினம் எண்டால் நான் மூடிப்போட்டுக் கொழும்புக்குப் போறன். கோவிக்காதேங்கோ."

"ஏன், திருத்த ஏலாதோ?"

"வவுனியாவில எங்களுக்குப் படிப்பிச்ச அனுசியா மிஸ்ஸோட கதைச்சனான். விழுந்ததுகளின்ர பதிவுகளை முதல்ல சேர்க்கச் சொன்னவா. என்ன காரணமெண்டு அதில தெரியுமாம். உங்களுக்கு விளங்குதோ அப்பா?"

"விளங்குது. நீ செய்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காத இடத்தில் உறுதியாகத் தலையாட்டுவது முதலாளியாக இருப்பவனுக்கு வேண்டிய திறமை. அந்தத் திறமையால்தான் ஆலை கட்டினேன். அந்தத் திறமையால்தான் பிறகு வந்ததும் வந்தது.

மண்டபத்துக்கும் நெல் மூட்டை அடுக்கும் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தட்டி. (அதுவும் நான் அடித்தது. சத்தம் போகாது என்று நினைத்திருந்தேன்.) அடுத்த நாள் மூட்டைகளுக்கு நடுவில் நிற்கும்போது, தட்டிக்கு அப்பால் யசோ தொலைபேசியில் பேசுவது கேட்டது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஓம் மிஸ், டம்ப் கிடக்கு. நான் என்ர கண்ணால பாத்திட்டன்."

என் கையில் இருந்த சாக்கு ஊசி விழுந்தது.

"எட்டிலயும் கிடக்கு. எல்லாம் சின்ன டம்ப். கடைசி மேசையில மட்டும் பெரிசு, அது இப்ப தூக்க ஏலாது... இல்ல மிஸ், ஆரும் கை வைக்கேல்ல. அப்பாவுக்குச் சொல்லேல்ல, சொன்னாலும் விளங்காது... ஓம், ஒவ்வொண்டும் எந்த நேரம் செத்தது, எப்பிடிச் செத்தது எல்லாம் அதுக்குள்ள இருக்குமென்ன... சரி மிஸ், நாளைக்கு பையுக்குள்ள வச்சு பஸ்ஸில கொண்டு வாறன்."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் டம்ப் என்றால் ஒரே பொருள்தான். சண்டைக் காலத்தில் மண்ணுக்குள் புதைத்துவைத்த சாமான். துவக்கு, வெடி, குண்டு. சிலருடைய கனவில் தங்கம். டம்ப் இருக்கிறது என்று யாராவது சொன்னால் காக்கிச்சட்டை வரும், இயந்திரம் வரும், நிலம் கிளறப்படும். யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியும் வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போனவர்கள் எல்லோரும் அன்றைக்கே வீடு திரும்பியதில்லை.

மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தேன். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. எட்டு மேசை, எட்டுக்கும் அடியில் ஒவ்வொன்று. கையைப் பிடிப்பது அதுதான். 'ம்' கொட்டுவது அதுதான். பிள்ளைகள் இத்தனை நாளும் எதன் மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். செத்தது எப்படி என்று அதற்குள் இருக்கிறதாம். அதில் ஒன்றை என் மகள் கைப்பையில் போட்டுக்கொண்டு சோதனைச் சாவடி தாண்டிப் போகப் போகிறாள். இது எதற்கும் மேலாக, அவளை வைத்து இந்த வேலையைச் செய்விக்கிற அந்த மிஸ் உண்மையில் யார்? ஒரு பிள்ளை போய்விட்டது. மற்றதையும் கேள்விக்கு அனுப்ப முடியாது.

காலையில் யசோ பையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். பை மெலிந்துதான் இருந்தது. சின்னதுதானே.

"கவனமாப் போ பிள்ளை. பையை ஆரிட்டயும் குடுக்காத. குலுக்காத."

"ஏன் அப்பா குலுக்க?" என்று சிரித்தாள். இரவு மிஸ் வீட்டில் தங்கி அடுத்த நாள் வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். இவளுக்கு இவ்வளவு நெஞ்சுரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். என்னிடமிருந்துதான், வேறு எங்கிருந்து.

முடிவு எடுத்துவிட்டேன். அவளைத் தேடி வரும் முன் நானே போவது. டம்பைக் கண்டவன் நான், மூடியவன் நான், மகளுக்கு ஒன்றும் தெரியாது. வேட்டிக்கு இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு சந்திக்குப் போனேன். அங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் றஹீம் நானா என் கூட்டாளி. இடம்பெயர்ந்து புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். மண்டபத்து மாபிளும் அவர் கடையில் வாங்கியதுதான். அவரிடம் மட்டும் சொன்னேன்.

நானா தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மகளிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டால் மறைப்பாள்."

"மறைக்கிற பிள்ளை டெலிபோன்ல சத்தமா டம்ப் எண்டு சொல்லுமா அண்ணை?"

"சத்தமாச் சொல்லேல்ல. தாழ்த்தித்தான் சொன்னவள்."

நானா பெருமூச்சு விட்டார். "சரி, வாங்க. தனியப் போனா உங்களைப் பிடிச்சு உள்ள போட்டிருவாங்க. ரெண்டு பேர் போனா பக்கத்தில இருந்து பேசவாவது ஆள் இருக்கும்." கடைக் கதவை இழுத்து மூடினார். "ஆனா அந்த மாபிளை உடைக்க விட்டிராதீங்க. கொம்பனி அந்தப் பூப்போட்ட மாபிளை இப்ப அடிக்கிறதில்ல."

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். சிங்களவர், தமிழை மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார்.

"ஐயா, டம்ப் இருக்கு என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நிலம் போடேக்க நானே கண்டனான். பயத்தில மூடிப்போட்டன்."

"எத்தனை?"

"எட்டு. ஏழு சின்னன், ஒண்டு பெரிசு."

"அவ்வளவு சரியாகத் தெரியுமா?"

"நான் கட்டின நிலம் ஐயா. எனக்குத் தெரியாமல் அங்க ஒண்டும் கிடக்க ஏலாது."

இந்த வசனத்தைப் பிறகு பலரும் எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். அன்று நானா மட்டும் காலால் என் காலை மிதித்தார்.

அடுத்த நாள் காலை நீதிமன்ற அனுமதிக் கடதாசியோடு வந்தார்கள். பொலிஸ், வெடிபொருள் எடுக்கிறவர்கள், நிலத்தில் தடவிக்கொண்டு போகும் கருவி ஒன்று, மஞ்சள் நாடா. நாடாவுக்கு அப்பால் ஊர். ஊருக்குப் பின்னால் ஐஸ்பழ வண்டி. பரமேஸ்வரி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சரப்பா, என்ன செய்து வச்சிருக்கிறியள்?"

"எல்லாம் யசோவுக்காகத்தான். நீ உள்ள போ."

சுவிட்சைத் தட்டினால் எது வெடிக்குமோ என்று, கணினிகளை அப்படியே ஓட விட்டுத்தான் ஒவ்வொரு மேசையாக நகர்த்தித் தடவினார்கள். முதல் ஏழு இடத்திலும் கருவி வாய் திறக்கவில்லை. கடைசி மேசைக்குக் கீழே கீச்சென்றது. பெரிசு அங்கேதான் என்று யசோ சொன்னது எனக்கு மட்டும் தெரியும். நிலம் உடைக்கப்பட்டது. ஒவ்வொரு மாபிள் விழும்போதும் நாடாவுக்கு அப்பால் நானா கண்ணை மூடிக்கொண்டார். ஒருவர் முழந்தாளில் இருந்து கையாலும் சிறு கரண்டியாலும் மண்ணை அள்ளினார். சிவப்பு மண், பிறகு சாம்பல் நிற மண். நேரம் உச்சியை நெருங்கியது. ஐஸ்பழக்காரன் மணியைக் கையால் பொத்தினான்.

அப்போது ஒரு வான் வந்து நின்றது. யசோ இறங்கினாள். பின்னால் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண். அனுசியா மிஸ். யசோ நாடாவைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தாள்.

"அப்பா, என்ன நடக்குது? ஏன் நிலத்தை உடைக்கினம்?"

இன்ஸ்பெக்டர் அவளைத் தடுத்தார். "தங்கச்சி, வெளியே நில்லுங்க. உள்ளே டம்ப் இருக்கு."

யசோவுக்கு விளங்கவில்லை. அவள் ஒரு உதவி செய்கிறவளைப் போல் சொன்னாள்:

"இல்ல ஐயா. டம்ப் என்ர பையுக்குள்ள கிடக்கு."

சொல்லிவிட்டுப் பைக்குள் கையை விட்டாள்.

மண்டபத்தில் இருந்த எல்லோரும் ஒரே அடியாகப் பின்னுக்குப் போனார்கள். ஒரு பொலிஸ்காரர் துவக்கைத் தூக்கினார். நான் யசோவுக்கும் துவக்குக்கும் நடுவில் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு முழங்கால் வருத்தம்.

"அது என்ரை. நான்தான் வச்சனான். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. என்னைக் கொண்டு போங்கோ."

என் முதுகுக்குப் பின்னால் யசோவின் கை பையில் இருந்து வெளியே வந்தது. விரல் நீளத்தில் ஒரு பென்டிரைவ்.

யாரும் சிரிக்கவில்லை. பயத்துக்கு உடனே சிரிப்பாக மாறத் தெரியாது. அனுசியா மிஸ்தான் முன்னுக்கு வந்து, பள்ளிக்கூடத்துக் குரலில், ஒவ்வொருவருக்கும் விளங்கும்படி சொன்னார். கணினி விழும்போது, சாகிற நேரத்தில், தன் நினைவில் இருந்ததை ஒரு கோப்பில் கொட்டிவிட்டுத்தான் விழுமாம். அந்தக் கோப்புக்குப் பெயர் டம்ப். ஏழு கணினியின் டம்புகளை யசோ பென்டிரைவில் சேர்த்துக் கொண்டுவந்தாளாம். கடைசிக் கணினியில் இருந்த கோப்பு மட்டும் பெரிது, பென்டிரைவில் அடங்கவில்லை; அது விழுந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு போனாளாம். அதைப் பார்க்கத்தான் அவரே வந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். (நான் போட்ட கூரை. ஓரிடத்தில் ஒழுக்கு இருந்தது.)

"அதில் என்ன தெரிந்தது?" என்று அவர் மிஸ்ஸிடம் கேட்டார்.

"அதுதான் ஐயா அதிசயம். ஒவ்வொரு மிசினும் ஒவ்வொரு காரணம் சொல்லுது. ஒண்டு நினைவு பிழை எண்டுது, ஒண்டு வட்டு பிழை எண்டுது, மற்றது தனக்கே தெரியாது எண்டுது. ஆனால் எட்டும் விழுந்த நேரம் ஒண்டு. காரணம் வேற வேற, நேரம் மட்டும் ஒண்டெண்டால் பிழை மிசினுக்குள்ள இல்ல. வெளியில இருந்து ஏதோ வருது." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவும் வர நேரந்தான்."

அந்த வார்த்தைக்குப் பிறகு மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. பொலிஸ்காரர் ஒருவர் கழுத்தில் இருந்த தாயத்தைப் பிடித்துக்கொண்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு திரை ஒன்று நீலமானது. அடுத்தது. அடுத்தது. எட்டு முகமும் வந்தன. அதே கணத்தில் குழிக்குள் இருந்தவர் "அம்மே" என்று கத்திக்கொண்டு கையை உதறியபடி வெளியே பாய்ந்தார். சனம் கலைந்து ஓடியது. நானும் ஓடியிருப்பேன், யசோ என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ. கேளுங்கோ," என்றார் மிஸ். "எங்கயோ தண்ணி விழுகுது."

ஆமாம். பின்பக்கத் தாங்கியில் தண்ணீர் விழத் தொடங்கியிருந்தது. ஆலை நின்றிருந்தது, ஒரு சுவிட்சையும் ஒருவரும் தொடவில்லை. ஆனால் காலையில் நெல் அவித்துத் தாங்கி வற்றியிருந்தது. மண்ணுக்கு அடியில், யாருக்கும் கேட்காத ஆழத்தில், என் மோட்டர் தானே விழித்திருந்தது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குழியைப் பார்த்தோம். வந்த வெடி ஆட்களில் ஒருவர் மண்ணுக்குள் இருந்து ஒரு வயரை இழுத்தார். கட்டடம் முழுவதுக்குமான நிலக்கம்பி. ஒழுகுகிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிப் போவதற்கான வழி. அதன் முனையில் ஆள் உயரச் செப்புக் கம்பி இருந்திருக்க வேண்டும். இருந்தது ஒரு துருப்பிடித்த சைக்கிள் சக்கரக் கம்பி. களஞ்சியத்தை நீட்டும்போது யாரோ செம்பைப் பழைய இரும்பு வாங்கித் திரிகிறவனுக்கு விற்க உருவிக்கொண்டு, வயரில் சில்லுக் கம்பியைக் கட்டிப் புதைத்திருக்கிறார்கள். மேலே நான் மாபிள் பதித்துவிட்டேன். மோட்டரில் கொஞ்சம் ஒழுக்கு. போக வழியில்லாத மின்சாரம் கணினிகளுக்குள் சுற்றியிருக்கிறது. பிள்ளைகளின் கையைப் பிடித்ததும், குழிக்குள் இருந்தவரைக் கத்த வைத்ததும் அதுதான், 'ம்' கொட்டியதும் அதுதான்.

இன்ஸ்பெக்டர் சைக்கிள் கம்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பிடித்து உள்ளே போட அவருக்குக் காரணம் நிறைய இருந்தது. கடைசியில் என்னிடம் நீட்டினார்.

"ஐயா, உங்கட டம்ப்."

அப்போதுதான் ஊர் சிரித்தது. சிரித்த சிரிப்பில் நாடா அறுந்தது.

செப்புக் கம்பி புதிதாகப் போட்டோம். மோட்டரைத் தூக்கித் திருத்தினோம். அதற்குப் பிறகு ஒரு கணினியும் விழவில்லை. பேய் பிடிபட்டுவிட்டது, பொலிஸே வந்து பிடித்தது என்று தாய்மார் கதைத்துக்கொண்டு பிள்ளைகளைத் திரும்ப அனுப்பினார்கள். இப்போது இடம் போதாமல் மேசை கூட்டியிருக்கிறோம். யசோ கொழும்புக்குப் போகவில்லை. அன்று மாலை மட்டும் என் பக்கத்தில் வந்து இருந்து, "துவக்குக்கு முன்னால நிண்டது ஏன் அப்பா?" என்று கேட்டாள். நான் முழங்கால் வருத்தத்தைப் பற்றிப் பேசினேன்.

வீட்டில் இன்றைக்கும் எது காணாமல் போனாலும், என் மூக்குக் கண்ணாடியோ வீட்டுச் சாவியோ, பரமேஸ்வரி தேட மாட்டாள். "பொலிசுக்குச் சொல்லுங்கோ, தோண்டித் தருவினம்" என்பாள். அதைப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு ஒன்று. அனுசியா மிஸ் வவுனியாவில் இந்தக் கதையை ஒரு பாடமாகவே நடத்துகிறாராம். பதிவுகளை எப்படிச் சேர்ப்பது, நேரத்தை எப்படி ஒப்பிடுவது, தவறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது. அதில் யசோவின் பெயர் இருக்கிறது. மிஸ்ஸின் பெயர் இருக்கிறது. மோட்டரின் பெயர்கூட இருக்கிறது. என்னைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: "தற்செயலாக நிலம் உடைக்கப்பட்டபோது".

தற்செயலாக அல்ல. பதிவுகள் சொன்னது நேரத்தைத்தான். எட்டு டம்பும் சேர்ந்தாலும் இடத்தைச் சொல்லவில்லை. இடத்தைச் சொன்னவன், பொலிஸைக் கூட்டி வந்தவன், தோண்டுவித்தவன் நான். என் முறையில் பிழை இருக்கலாம். குழி சரியான இடத்தில் இருந்தது. ஆகவே அந்தப் பாடத்தில் "கண்டுபிடித்தவர்: கணபதிப்பிள்ளை செல்லத்துரை, அரிசி ஆலை உரிமையாளர், முள்ளியவளை" என்று முழுப் பெயரும் வர வேண்டும். மிஸ் போடாவிட்டாலும் பரவாயில்லை. பழைய பூ மாபிள் கிடைக்காததால் கடைசி மேசைக்குக் கீழே இப்போது வெறும் சீமெந்துதான் பூசியிருக்கிறது. அது காய்ந்துவிட்டது. உளி என்னிடம் இருக்கிறது.